தோணிப் பூனையின் விடுப்பு

மே 17

அப்பா வந்துவிட்டார். இந்த முறை தனியாக வரவில்லை.

அப்பா தோணியில் தண்டல். கப்பலுக்குக் கேப்டன் மாதிரி தோணிக்குத் தண்டல். தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் வெங்காயம், செங்கல், காய்கறி எல்லாம் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போவார்கள். மே பாதியிலிருந்து ஆகஸ்ட் முடியும்வரை கடல் மோசமாக இருக்கும் என்பதால் தோணி போகாது. அந்த மாதங்களில் மட்டும் அப்பா வீட்டில் இருப்பார். மற்ற மாதங்களில் அப்பா என்பது ஒரு போன் சத்தம்.

வழக்கமாக ஒரு பெட்டியும் ஒரு டப்பா மாசிக் கருவாடும் கொண்டுவருவார். இன்று ஒரு வெங்காயக் கூடையும் இருந்தது. கூடை கத்தியது.

"என்னங்க இது?" என்றாள் அம்மா.

"நம்ம ஆளு. சுக்கான்."

"ஆளுன்னா நடந்து வரவேண்டியதுதான? கூடையில எதுக்கு வருது?"

சாம்பல் நிறத்தில் வரிவரியாக ஒரு கடுவன் பூனை கூடையிலிருந்து இறங்கி, எங்கள் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, டிவி மேல் ஏறி உட்கார்ந்தது. வால் எப்போதும் விறைப்பாக நிற்கிறது, தோணியைத் திருப்புகிற சுக்கான் மாதிரி. பெயர்க் காரணம் அதுதான். மற்ற வருடங்களில் தோணியிலேயே இருந்துவிடுவானாம். இந்த வருடம் தோணியைக் கரையேற்றிப் பழுது பார்க்கிறார்கள். தார் வாடையில் அவன் இருக்க முடியாது.

பெட்டி தூக்கிவந்த ரோமான் சித்தப்பாதான் தோணியில் சமையல். அவர் அம்மாவிடம் சொன்னார்: "மதினி, இது லேசுப்பட்ட பூனை கிடையாது. மூணு வருசமா ஒரு அரிசி மூட்டையில ஓட்டை விழல. இவன் வந்தாத்தான் நான் தோணில ஏறுவேன். இவன் இல்லேன்னா நானும் இல்ல, தோணியும் இல்ல."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் அடிக்கோடிட்டிருக்கிறேன். ஏன் என்று தெரியவில்லை. நல்ல வாக்கியமாக இருந்தது.

அப்பா என்னைக் கூப்பிட்டு, "செலி, இவன் உன் பொறுப்பு. வந்தமாதிரியே திருப்பித் தரணும். எலி பிடிக்கது மறந்துறக் கூடாது" என்றார். அம்மா தன் பங்குக்கு, அடுக்களைக்குள் வரக்கூடாது, கட்டிலில் ஏறக்கூடாது, தன் கண்ணில் படக்கூடாது என்றாள்.

அதனால் இந்த நாட்குறிப்பு. என்னைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பெயர் செலஸ்டினா, வயது பதின்மூன்று, ஒன்பதாம் வகுப்பு போகப்போகிறேன். இனி பூனை.

மே 18

பொறுப்பு என்றால் முதலில் எடை பார்க்க வேண்டும். தெருவில் மீன் கொண்டுவரும் லூர்தக்காவின் தராசு தவிர வேறு வழி இல்லை.

"அக்கா, இவனைக் கொஞ்சம் நிறுத்துத் தாங்களேன்."

லூர்தக்கா சுக்கானைத் தூக்கித் தட்டில் வைத்தார். "மூணு கிலோ அறுநூறு. முழுசாத் தரவா, வெட்டித் தரவா?"

சுக்கான் இறங்கும்போது இரண்டு நெத்திலி குறைந்திருந்தது. லூர்தக்கா பார்க்கவில்லை. நான் பார்த்தேன். எழுதிவிட்டதால் மனம் லேசாக இருக்கிறது.

மே 25

நூலகத்தில் கலைக்களஞ்சியம் 'ப' வரிசை முழுவதும் எடுத்து மேசையில் பரப்பினேன்.

மாடு, ஆடு, நாய் எல்லாவற்றையும் மனிதர்கள் பழக்கினார்கள். பூனையை யாரும் பழக்கவில்லையாம். மனிதர்கள் தானியம் சேர்த்து வைத்தார்கள். தானியத்துக்கு எலி வந்தது. எலிக்குப் பூனை வந்தது. வந்த பூனை, இடம் பரவாயில்லை என்று தங்கிவிட்டது. பத்தாயிரம் வருடங்களாகத் தங்கியிருக்கிறது.

பழங்கால எகிப்தில் வீட்டுப் பூனை இறந்தால் குடும்பமே புருவத்தை மழித்துக்கொள்ளுமாம். அம்மாவிடம் சொன்னேன். "என் புருவத்துக்கு ஒண்ணும் வராது" என்றாள்.

எனக்கு மிகவும் பிடித்தது சைப்ரஸ். அது ஒரு தீவு. அங்கே ஒன்பதாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு கல்லறை. உள்ளே ஒரு மனிதர். ஒரு முழத் தூரத்தில் ஒரு பூனை. அந்தத் தீவில் அதற்கு முன் பூனையே கிடையாது. அப்படியானால் யாரோ அதைப் படகில் ஏற்றிக் கொண்டுபோயிருக்க வேண்டும்!

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "அப்பவே கூட்டிட்டுப் போயிருக்கான் பாரேன்" என்றார். பிறகு, "அவன் பிள்ளைங்க என்ன சொல்லிச்சாம்?" என்று கேட்டார்.

கலைக்களஞ்சியத்தில் அது இல்லை.

ஜூன் 2

அப்பா வீட்டில் சும்மா இருக்க மாட்டார். இன்று அடுக்களை அலமாரியில் இருந்த எல்லா டப்பாக்களையும் வரிசையாகக் கயிறு போட்டுக் கட்டிவிட்டார். அம்மா மஞ்சள்தூள் எடுக்கப்போய் மல்லித்தூளும் மிளகாய்த்தூளும் சேர்ந்து வந்தன.

"இது வீடுங்க. இங்க அலை அடிக்காது."

"அடிச்சா?"

கயிற்றில் போட்டிருந்த முடிச்சு அப்பாவுக்கு மட்டும்தான் அவிழ்க்கத் தெரியும். அவர் துறைமுகம் போயிருந்தார். அம்மா இன்று மிளகு இல்லாமல் ரசம் வைத்தாள்.

சுக்கானும் இப்படித்தான். படுக்கும் முன் ஒவ்வொரு அறையாகப் போய் மூலைகளைச் சோதிக்கிறான். வீட்டில் எலி இல்லை என்று யார் சொன்னாலும் கேட்பதில்லை.

ஜூன் 10

பள்ளி திறந்தது. மழை இல்லை. சுக்கான் என் புதிய கணக்குப் புத்தகத்தின் மேல் தூங்கினான். எழுப்பி எடுப்பது கொடுமை என்பதால் கணக்குப் போடவில்லை.

ஜூன் 22

எடை நான்கு கிலோ முந்நூறு.

இதற்கு நான் காரணமில்லை. மீன் குழம்பில் எனக்கு வரும் துண்டில் பாதியை அவனுக்கு வைப்பது உண்மைதான். அவன் பார்க்கும் பார்வைக்கு யாராக இருந்தாலும் வைப்பார்கள். ஆனால் பாதித் துண்டு சாளையில் எழுநூறு கிராம் ஏறுமா? கரைக்காற்று அவனுக்கு ஒத்துக்கொள்கிறது என்று நினைக்கிறேன்.

அப்பா காலையில் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைக்கு நடக்கப் போகிறார். உடற்பயிற்சிக்காம். திரும்பும்போது இரண்டு பேருமே வாயைத் துடைத்துக்கொண்டு வருகிறார்கள்.

அம்மா இன்னும் சமாதானம் ஆகவில்லை. "சவத்து மூதி, அடுப்படிப் பக்கம் வந்த, கால ஒடிச்சிருவேன்" என்று நான் பள்ளிக்குக் கிளம்பும்போது திட்டிக்கொண்டிருந்தாள். பாவம், திட்டிக்கொண்டே யாருக்கோ மீனில் முள் எடுத்துக்கொண்டும் இருந்தாள். எங்கள் வீட்டில் முள் எடுத்துக் கொடுக்க வேண்டிய ஆள் யாரும் கிடையாது. அம்மாவுக்குப் பல்வலியாக இருக்கலாம். கேட்க வேண்டும்.

ஜூலை 7

பூனை வளர்ப்பதில் என்ன சுகம் என்று வகுப்பில் அனிதா ரோஸ் கேட்டாள். நாய் என்றால் வாலாட்டும், கிளி என்றால் பேசும், பூனை என்ன செய்யும் என்கிறாள்.

ஒன்றும் செய்யாது. அதுதான் சுகம். நாம் படிக்கும்போது பக்கத்தில் வந்து உட்காரும். கூப்பிட்டதற்காக வராது. வரவேண்டும் என்று அதுவே நினைத்து வரும். வயிற்றின் மேல் படுத்துக்கொண்டு, தூரத்தில் மோட்டார் போட் போவது மாதிரி ஒரு சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தம் நின்றுவிடுமோ என்று நாம் மூச்சையும் மெதுவாக விடுவோம்.

இன்று மதியம் சுக்கான் அப்பாவின் வயிற்றிலும், அப்பா பாயிலும், என் தலை அப்பாவின் கையிலும். நான் புத்தகம் படித்தேன். ஒரு மணி நேரம் ஒரே பக்கத்தைத்தான் படித்திருக்கிறேன் என்று பிறகுதான் தெரிந்தது.

ஜூலை 26

பனிமய மாதா கோயிலில் கொடியேற்றம். கூட்டத்தில் அப்பா என்னைத் தூக்கிக் காட்டப் பார்த்தார். முடியவில்லை. "நீ வளந்துட்ட" என்றார். "நீங்க பெருத்துட்டீங்க" என்றாள் அம்மா.

சுக்கான்: ஐந்து கிலோ நூறு. ஒப்பிடுவதற்காக அப்பாவின் பெல்ட்டையும் பார்த்தேன். மே மாதத்தைவிட இரண்டு துளை வெளியே.

இந்த எடையில் ஒரு பூனை தோணியில் ஏறி வேலை பார்க்க முடியுமா? கேள்வியாகத்தான் கேட்கிறேன். விருப்பமாக அல்ல.

ஆகஸ்ட் 7

திருவிழா முடிந்தது. தோணியைத் தண்ணீரில் இறக்கிவிட்டார்களாம். செப்டம்பர் 4 கிளம்புகிறார்கள்.

ரோமான் சித்தப்பா சொல்ல வந்தார். ஜன்னலில் படுத்திருந்த சுக்கானைப் பார்த்துவிட்டு, "புதுசா ஒண்ணு வாங்கிருக்கியளா? பழையவன எங்க?" என்றார்.

"அதேதான்."

அவர் முகம் மாறிவிட்டது. "தண்டலண்ணே, இவன் எலிக்குப் பின்னால ஓடுவான்னு நினைக்கியளா? எலிதான் இவனத் தள்ளிட்டுப் போவணும்."

வரும் 18, ஞாயிறு காலை சுக்கானுக்குப் பரீட்சை என்று அப்பா முடிவு செய்தார்.

நாட்குறிப்பின் முதல் பகுதியை இன்று திருப்பிப் படித்தேன். அடிக்கோடிட்ட வாக்கியம் நன்றாகத்தான் இருக்கிறது. அவன் இல்லையென்றால் சித்தப்பா இல்லை, தோணியும் இல்லை. தர்க்கப்படி பார்த்தால் மிகச் சரியான வாக்கியம்.

ஆகஸ்ட் 17

சுக்கானுக்கு இன்று என் துண்டு முழுவதும் கொடுத்தேன். பரீட்சைக்கு முந்தைய நாள்.

ஆகஸ்ட் 18

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அப்பா பலசரக்குக் கடையிலிருந்து பொறியோடு ஓர் எலி வாங்கி வந்தார். நல்ல எலி, சுறுசுறுப்பு. பூசை முடிந்து வந்ததும் சுக்கானைக் குளியலறையில் விட்டு, எலியையும் திறந்துவிட்டு, கதவைச் சாத்தினோம். அரை மணி நேரம். அப்பா கடிகாரம் பார்த்தார். ரோமான் சித்தப்பா கதவில் காது வைத்தார். அம்மா "எனக்கென்ன வந்துச்சு" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள்.

திறந்தோம்.

சுக்கான் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் கைகளை மடக்கி உட்கார்ந்திருந்தான். தரையில் ஒரு தட்டு. தட்டில் மீன் சோறு. எலி அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. சுக்கான், விருந்துக்கு வந்தவர்களைக் கவனிப்பதுபோல மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எலி எங்களைப் பார்த்துத் தண்ணீர் வெளியேறும் குழாய் வழியாகப் போய்விட்டது.

"இந்தத் தட்டை யாரு வச்சது?" என்றார் அப்பா.

நான் இல்லை. உண்மையிலேயே இல்லை.

அம்மா முந்தானையைத் திருகினாள். "பரீட்சைக்குப் போற பிள்ளைய வெறும் வயித்தோடயா அனுப்புவாங்க?"

"ஏ புளோரா!"

"ஒரு நாளும் இல்லாம இன்னைக்கு ஒரு நாளுதான்." பிறகு மெதுவாக, "தினமும் ஒரு ரெண்டு மூணு சாளைதான். முள் எடுத்துட்டு" என்றாள்.

எனக்குப் பொய் சொல்ல வராது. என் பாதித் துண்டையும் நேற்றைய முழுத் துண்டையும் சொல்லிவிட்டேன். அப்பா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு வாளியின் மேல் இருந்தவனைப் பார்த்தார்.

"அப்ப கடற்கரையில நான் வாங்கிக் குடுத்த பொரிச்ச மீனெல்லாம் எங்கடே போட்ட?"

ரோமான் சித்தப்பா படியில் உட்கார்ந்துவிட்டார். "மூணு ஆள் சாப்பாடு! எனக்கே ஒரு ஆள் சாப்பாடுதான்!"

எல்லாரும் சிரித்தோம். ஏன் கொடுத்தோம் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

சிரித்து முடித்த பிறகு அப்பா, "சரி, இந்தத் தடவ பூனை இல்லாமத்தான் போவணும். சரக்குக்குச் சொல்லியாச்சு" என்றார்.

"சித்தப்பா ஏறமாட்டேன்னாங்களே?" என்றேன்.

"அவன் வருசா வருசம் இதத்தான் சொல்லுதான். ஏறிருவான்."

சித்தப்பா தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார்.

முதல் நாள் போட்ட அடிக்கோட்டை அழிக்கப் பார்த்தேன். பேனா என்பதால் அழியவில்லை.

ஆகஸ்ட் 19

மாலை அப்பா இல்லாத நேரம். ரோமான் சித்தப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பாடம் படித்துக்கொண்டிருந்தேன், கேட்கவில்லை. கேட்டது இவ்வளவுதான்.

சுக்கான் தோணிக்கு வருவதற்குச் சற்று முன் நடந்தது. நடுக்கடலில் எலி ஜி.பி.எஸ். வயரைக் கடித்துவிட்டது. திசை காட்டும் கருவிகள் எல்லாம் செத்துப்போயின. மேகமூட்டம் வேறு. "ரெண்டு நாளு மதினி. அண்ணன் தோணிச் சுக்கானைப் பிடிச்சுட்டு நின்னவரு கண்ணு மூடல. சூரியன் கொஞ்சம் எட்டிப் பாக்கும், அத வச்சு ஓட்டுனாரு. மாலத்தீவுக்குப் பதிலா வேற எங்க போயிருந்தாலும் எங்களக் கேக்க ஆள் கிடையாது. மூணாம் நாளு கரையில இறங்கினதும் முதல்ல ஒரு பூனையத்தான் தேடினாரு. அவன்தான் இவன்."

"எங்கிட்ட சொல்லவே இல்ல" என்றாள் அம்மா.

"பயப்படுவியன்னு சொல்லிருக்க மாட்டாரு. நானும் சொல்லலைன்னு வச்சுக்கிடுங்க."

சித்தப்பா போன பிறகு அம்மா பூனைத் தட்டைக் கழுவி, அலமாரியில் கவிழ்த்து வைத்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"இன்னும் எத்தன நாளுட்டி இருக்கு?"

"பதினாறு" என்றேன்.

"அது காணும், இவன மறுபடி பழக்கிரலாம். நீ படிச்சதெல்லாம் எடு."

ஆகஸ்ட் 20

ஒப்பந்தம் எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். மாலை ஒரு வேளை மட்டும் சாப்பாடு. ஒரு ஆள் மட்டும் கொடுக்க வேண்டும். கடற்கரைப் பயிற்சியில் பொரித்த மீன் கிடையாது. கையெழுத்துப் போடும்போது அப்பா இரண்டாவது பக்கம் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார்.

ஆகஸ்ட் 22

பசிக்கு வேட்டையாடுவது வேறு, வேட்டைக்காகவே வேட்டையாடுவது வேறு என்று புத்தகத்தில் இருக்கிறது. வயிறு நிறைந்த பூனையும் ஓடுவதைக் கண்டால் பாயுமாம். ஆகவே ஏதாவது ஓட வேண்டும். பழைய சாக்ஸில் மணல் அடைத்து, கயிறு கட்டி இழுத்தேன். சுக்கான் அதை முகர்ந்துவிட்டு அதன் மேல் தலை வைத்துத் தூங்கினான்.

"எலி அப்பிடி ஓடாது. தா இங்க" என்றார் அப்பா.

பிறகு மாலத்தீவுவரை தோணி ஓட்டுகிற தண்டல் இஞ்ஞாசி கொரைரா, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கட்டிலுக்கடியில் தவழ்ந்தார். நின்று, திரும்பி, சுவரோரமாக ஓடி, கீச் கீச் என்றார். பக்கத்து வீட்டு மெர்சி அத்தை சீனி கேட்க வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஒண்ணுமில்ல மெர்சி, எலி" என்றாள் அம்மா.

சுக்கான் எழுந்து உட்கார்ந்தான். வாலின் நுனி மட்டும் ஆடியது. முதல் தடவையாக.

ஆகஸ்ட் 25

நான்கு கிலோ எழுநூறு. அப்பாவின் பெல்ட்டும் ஒரு துளை உள்ளே. தவழ்வது நல்ல உடற்பயிற்சி.

ஆகஸ்ட் 27

சாக்ஸ் எலியைப் பிடித்துக் கிழித்துவிட்டான். வீடெல்லாம் மணல். அம்மா திட்டவில்லை. பெருக்கிவிட்டு, "இன்னொண்ணு தைக்கட்டா?" என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 30

பிடித்துவிட்டான்.

குளியலறைக் குழாயில் தப்பிய அதே எலிதானா தெரியாது. இன்று காலை, அம்மா இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்த பட்டுச் சேலையின் நடுவில் கொண்டுவந்து வைத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அம்மா அலறிய அலறலில் மெர்சி அத்தை மறுபடியும் வந்துவிட்டார். அப்பா வாலைப் பிடித்து எலியைத் தூக்கிக் காட்டி, "பாஸ்!" என்றார்.

நான்தான் பயிற்சி கொடுத்தேன். நான்தான் அட்டவணை போட்டேன். எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள்.

ஏன் பிடித்தான்?

செப்டம்பர் 1

அம்மா அப்பாவின் பெட்டியை அடுக்குகிறாள். அப்பா அதை மறுபடி பிரித்து, ஆடாமல் இருக்கும்படி அடுக்குகிறார். இப்படி இரண்டு முறை.

மாலை அப்பா என் மேசைப் பக்கம் வந்தார். சுக்கான் வழக்கம்போலப் புத்தகத்தின் மேல்.

"செலி, ஒனக்கு இவன் வேணும்னா வச்சுக்க. நான் துறைமுகத்துல வேற ஒண்ணு பாத்துக்கிடுதேன்."

"வேறது எலி பிடிக்குமா?"

"பழக்கணும்."

"எத்தன நாளு ஆகும்?"

"அது பூனையப் பொறுத்து."

எனக்கு ஜி.பி.எஸ். வயர் ஞாபகம் வந்தது. அதை நான் கேட்கவில்லை அல்லவா, அதனால் சொல்லவில்லை.

"வேண்டாம்ப்பா. இவனே வரட்டும். இவனுக்கு அங்க வேலை இருக்கு."

அப்பா கொஞ்ச நேரம் சுக்கானின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். "ஆமா, இருக்கத்தான செய்யுது" என்றார்.

பூனை போவதில் எனக்கு வருத்தம்தான். பூனை போவதில் மட்டும்.

செப்டம்பர் 4

காலை ஏழு மணிக்கே பழைய துறைமுகம். அங்கிருந்தே பள்ளிக்குப் போகலாம் என்று சீருடையில் போனேன். தோணிக்குப் புதுச் சாயம் பூசியிருந்தார்கள். வெங்காய மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன.

சுக்கான் கூடைக்குள் போக மறுத்தான். என் தோளில் ஏறிப் பிடித்துக்கொண்டான். எஞ்சின் சத்தம் கேட்டதும் இன்னும் இறுக்கினான். பூனைக்கு முன்னங்கால்களில் பத்து நகம், பின்னங்கால்களில் எட்டு. பதினெட்டும் என் சட்டையில் இருந்தன.

"இழுக்காதட்டி, கிழிஞ்சிரும்" என்றாள் அம்மா. "ஒவ்வொண்ணா எடு."

ஒவ்வொன்றாக எடுத்தேன். ஒன்றை எடுத்து அடுத்ததற்குப் போனால் முதலாவது மறுபடி மாட்டிக்கொள்ளும். தோணியிலிருந்து யாரோ "தண்டலண்ணே!" என்று இரண்டு தடவை கூப்பிட்டார்கள். அப்பா அந்தப் பக்கம் திரும்பாமல் பொறுமையாக நின்றார். அவருடைய கை என் இன்னொரு தோளில் இருந்தது.

கடைசி நகத்தையும் எடுத்து, சுக்கானை அப்பாவிடம் கொடுத்தேன். அப்பாவின் கையை நான் எடுக்கவில்லை. அதை அவரேதான் எடுக்க வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் ஆனது.

பலகையில் ஏறியதும் அவர் வேறு ஆளாகிவிட்டார். குரல் பெரிதாகிவிட்டது. "அந்தக் கயிற விடுடே! மூட்டைய வலப்பக்கம் தள்ளு!" சுக்கானும் அவர் கையிலிருந்து குதித்து, யாரையும் கேட்காமல், எங்கே போக வேண்டும் என்று தெரிந்தவனாக உள்ளே ஓடினான். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"ஏலே! கருவாட்ட வைலே! வேலைக்கு வந்தியா விருந்துக்கு வந்தியா?" என்று ரோமான் சித்தப்பாவின் சத்தம் தண்ணீர் தாண்டி வந்தது. அம்மா சிரிக்கத் தொடங்கினாள். எனக்கும் நிற்கவில்லை. தோணி கண்ணுக்குச் சின்னதாகும்வரை இரண்டு பேரும் அங்கேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தோம்.

பள்ளிக்குப் போகும்போது இரண்டாவது பாடவேளை தொடங்கிவிட்டது. தாமதத்துக்குத் திட்ட வாயெடுத்த தமிழ் மிஸ், என் தோளைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"சட்டையில என்னம்மா இத்தனை ஓட்டை?"

"பதினெட்டு, மிஸ்" என்றேன்.